சிட்டுவிடம் ஒன்று குறைகிறது

இன்னாசியின் குதிரையிடம் அரசுப் பொருள் ஒன்று குறைகிறது என்று 1985-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அலுவலகம் கண்டுபிடித்தது. அந்தப் பொருளை இன்னாசி கண்ணால் கண்டதில்லை. அலுவலகமும் கண்டதில்லை. இருந்தாலும் அது குறைவது உண்மை என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. யார் தொலைத்தது என்பதில்தான் வழக்கு.

குதிரை வந்த கதையிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

வத்தல்மலைக்கு அப்போது சாலை இல்லை. மேலே இருக்கும் ஊர்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் உப்பும் தலைச்சுமையாக ஏறின. சாமையும் கேழ்வரகும் காப்பிக்கொட்டையும் தலைச்சுமையாகவே இறங்கின. மலைக்காரர்கள் சாலை கேட்டு மனு கொடுத்தார்கள். மனு பல மேசைகளைச் சுற்றிவிட்டுக் குதிரையாகத் திரும்பி வந்தது. தர்மபுரியில் ‘மலைப்பகுதிக் குதிரையின வளர்ச்சி அலுவலகம்’ என்று ஒன்றைத் திறந்தார்கள். சுமை தூக்கிப் பிழைக்கும் நாற்பது குடும்பங்களுக்கு ஆளுக்கொரு பெட்டைக் குதிரை. இரண்டு வருடத்துக்குள் அது ஈனும் முதல் குட்டியை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். அந்தக் குட்டி அடுத்த குடும்பத்துக்குப் போகும்.

தொடக்க விழாவில் உதவி இயக்குநர் திருவேங்கடம் பேசினார். கழுத்தில் மூன்று மாலைகள் இருந்தன. ஒன்றையும் கழற்றாமலே பேசினார்.

“சாலை வேண்டும், சாலை வேண்டும் என்கிறீர்கள். சாலை என்ன செய்யும்? போட்ட இடத்திலேயே கிடக்கும். குதிரை நடக்கும். சாலை குட்டி போடுமா? குதிரை போடும். நாற்பது குதிரை எண்பதாகும், எண்பது நூற்றறுபதாகும். இன்னும் பத்தாண்டில் இந்த மலையில் மனிதர் நிற்க இடம் இருக்காது. அதுதான் எங்கள் இலட்சியம்!”

எல்லாரும் கை தட்டினார்கள்.

மலையடிவாரத்தில் இருந்த இன்னாசிக்குச் சீட்டுக் குலுக்கலில் வந்தது ஒரு சின்னச் செவலை. மற்ற முப்பத்தொன்பதும் ஆள் உயரம் நின்றன. இது இன்னாசியின் தோளுக்கு நின்றது. அவன் மனைவி ராஜமேரி பார்த்ததும், “என்னங்க இது, சிட்டுக்குருவியாட்டம்!” என்றாள். சிட்டு என்றே பெயர் நிலைத்தது. அலுவலகத்தில் அதன் பெயர் பெ.கு. எண் 17.

சிட்டு உருவத்தில்தான் சின்னது. இரண்டு பக்கமும் மண்ணெண்ணெய் டின்னைக் கட்டிக்கொண்டு, உயரக் குதிரைகள் சறுக்குகிற பாறைச் சரிவில் ஆடு மாதிரி ஏறும். மலைமேல் சென்னம்மாளின் கடைக்குக் காலையில் புறப்பட்டால் உச்சிப்பொழுதுக்குள் போய்ச் சேர்ந்துவிடும். பதினைந்து வருடமாகத் தலையில் சுமந்து கழுத்து வளைந்து போன இன்னாசி, முதல் தடவையாக வெறுங்கையை வீசிக்கொண்டு மலை ஏறினான். கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு வாரம் கூச்சப்பட்டான்.

ராஜமேரிக்கும் இன்னாசிக்கும் கல்யாணமாகிப் பதின்மூன்று வருடம். பிள்ளை இல்லை. கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது, ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர்கள் அவளைக் கண்டால் கொஞ்சம் திரும்பி நின்றுகொள்வார்கள். அவள் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. வீட்டுக்கு வந்து சிட்டுவுக்குக் களியில் வெல்லம் பிசைந்து ஊட்டுவாள்.

சினைப்படுத்துவதற்கான பொலிகுதிரை தர்மபுரி அலுவலகத்திலேயே இருந்தது. அதற்கும் பத்து மணி முதல் ஐந்து மணிவரைதான் வேலை. இடையில் ஒரு மணிக்கு உணவு இடைவேளை. விதிப்படி இருபத்தொரு நாளைக்கு ஒரு முறை இன்னாசி சிட்டுவை அழைத்துக்கொண்டு போனான். பொலிகுதிரை ஒரு தடவை முகர்ந்து பார்க்கும். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்க்கும். சிட்டு சுவரோரத்துப் புல்லை மேயும். இப்படி ஏழு தடவை.

தலைமை எழுத்தர் பச்சியப்பன் ஒவ்வொரு தடவையும் படிவத்தை எடுத்துவைத்தார். அதில் இரண்டே கட்டம். ஒன்று ‘நடந்தது’. இன்னொன்று ‘திருப்தியாக நடந்தது’.

“ஒண்ணுமே நடக்கலீங்களே, சார்,” என்றான் இன்னாசி.

“அதுக்குக் கட்டம் இல்லியேப்பா. அச்சடிச்சு வந்தத நான் மாத்த முடியுமா?” பச்சியப்பன் நேர்மையானவர். திருப்தியாக என்று எழுத மனம் வரவில்லை. ஏழு தடவையும் வெறும் ‘நடந்தது’ என்றே எழுதினார்.

கடைசித் தடவையிலிருந்து பதினொரு மாதம் முடிந்த மறுநாள் குறிப்பாணை வந்தது. ‘பெ.கு. எண் 17 ஈன்ற குட்டியை இதுநாள்வரை ஒப்படைக்காத காரணத்தை மூன்று நாளுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும்.’

இன்னாசி நேரில் போய்ச் சொன்னான். “குட்டியே போடலீங்க.”

“ஏழு தடவ நடந்திருக்கு. நீயும் கையெழுத்துப் போட்டிருக்க. குட்டி எங்க போச்சு?”

“போட்டாத்தானுங்களே சார் போறதுக்கு?”

“போடாத குட்டிக்கு ஆதாரம் என்ன வெச்சிருக்க?”

இன்னாசியிடம் ஆதாரம் இல்லை. எனவே குட்டியை மறைத்து வைத்திருக்கிறான் என்று முடிவாகி, பச்சியப்பன் இரண்டு ஆட்களோடு ஜீப்பில் வந்து வீட்டைச் சோதனை போட்டார். அடுப்படியைப் பார்த்தார்கள். கட்டிலைத் தூக்கிப் பார்த்தார்கள். மாதா படத்துக்குப் பின்னாலும் ஒருவர் கையை விட்டுப் பார்த்தார். மூலையில் கேழ்வரகுக் குதிர் ஒன்று ஆள் உயரம் நின்றது.

ராஜமேரி உள்ளபடி சொன்னாள். “குதிருக்குள்ள ஒண்ணும் இல்லீங்க, ஐயா.”

பச்சியப்பன் முகம் மாறிவிட்டது. பழமொழி தெரிந்தவர் அவர். “குதிருக்குள்ள இல்லியா? அப்பக் குதிரத்தான் மொதல்ல எறக்கணும்.”

ஒரு வருடத்துக் கேழ்வரகு முற்றத்தில் கொட்டியது. குட்டி கிடைக்கவில்லை. ஒரு எலிக்குடும்பம் கிடைத்தது. சோதனைக் குறிப்பான பஞ்சநாமா எழுதும்போது, ‘குதிரில் குட்டிகள் இருந்தன, ஆனால் குதிரையினம் அல்ல’ என்று பதிவு செய்துகொண்டு போனார்கள். கொட்டியதைப் புடைத்துத் திரும்ப அள்ளிவைக்க ராஜமேரிக்கு இரண்டு நாளாயிற்று.

மூன்றாம் நாள் கால்நடை மருத்துவர் ஞானராஜ் தானாகவே வந்தார். வேலைக்குப் புதியவர். அலுவலக நடைமுறைகள் இன்னும் பழகாததால் நேரே குதிரையிடம் போனார். தோள்வரை கையுறையை மாட்டி உள்ளே விட்டுச் சோதித்தார். நெற்றியைச் சுருக்கினார்.

“இதுக்குப் பருவமே வந்ததில்லியா?”

“இல்லீங்க. பொலிகுதிரைகூட மூஞ்சியத் திருப்பிக்குதுங்க.”

“சினைப்பை ரெண்டும் பட்டாணி அளவுதான் இருக்கு. கருப்பையும் வளரவே இல்ல. உருவமும் சின்னது. ரத்தம் எடுத்துப் பார்த்தாத் தெரியும்.”

ரத்தத்தை ஐஸ் வைத்த தெர்மாஸ் பிளாஸ்க்கில் போட்டுத் தானே பஸ்ஸில் சென்னைக்குக் கொண்டுபோனார். மூன்று வாரம் கழித்து ஆய்வுக்கூடத்தின் காகிதத்தோடு வந்தார். வாசலில் போட்ட கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து இருவருக்கும் விளக்கினார்.

“ஒவ்வொரு உயிருக்கும் உடம்பு எப்படி இருக்கணும்னு உள்ளே எழுதி வெச்சிருக்கும். ஒரு புத்தகம்னு வெச்சுக்குங்க. குதிரையோட புத்தகத்துல அறுபத்து நாலு பக்கம். அந்தப் பக்கத்துக்குப் பேர் குரோமோசோம். பொட்டையா இருந்தா எக்ஸ்னு ஒரு பக்கம் ரெண்டு தடவ இருக்கணும். சிட்டுவுக்கு ஒண்ணுதான் இருக்கு. அறுபத்து மூணு பக்கம். அதனால பருவம் வராது, குட்டி போடாது. மத்தபடி நல்லா வேலை செய்யும்.”

“எப்பங்க அந்தப் பக்கம் கிழிஞ்சது? நான் பாரம் ஜாஸ்தி ஏத்திட்டேனா?” என்றான் இன்னாசி.

“பொறக்கும்போதே அப்படித்தான். கருவாகும்போதே. யாரும் ஒண்ணும் பண்ணல.”

ராஜமேரி காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப அதோட குத்தம் இல்ல.”

“யாரோட குத்தமும் இல்லம்மா.”

“பாவம் சாபம்னு ஒண்ணும் இல்லீங்களா?”

“அப்படியெல்லாம் இல்ல.”

“மனுசருக்கும் இப்படி எண்ணுவாங்களா, சார்?” என்று கேட்டாள்.

“எண்ணலாம். மனுசருக்கு நாப்பத்தாறு. ஆனா பிள்ளை இல்லாததுக்கு வேற காரணமும் எத்தனையோ இருக்கும். ஆம்பளைகிட்டயும் இருக்கும். வேணும்னா உங்க ரெண்டு பேருக்கும்...”

“வேணாங்க,” என்றாள் அவள். “யாரோட குத்தமும் இல்லன்னு ஒரு டாக்டர் வாயால கேட்டாச்சு. அது போதும்.”

எழுந்து போய்ச் சிட்டுவின் பிடரியைக் கோதிக்கொண்டு நின்றாள். இன்னாசி அவளைப் பார்த்தான்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஊருக்குள் மட்டும் கொஞ்சம் குழப்பம். இன்னாசியின் வாயில் குரோமோசோம் ‘குருமாசம்’ ஆயிற்று. “சிட்டுவுக்கு ஒரு குருமாசம் குறையுதாம்” என்று அவன் சொன்னதைக் கேட்டு, பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள், “ஒரு மாசம் குறஞ்சாலும் குட்டி பொழச்சுக்கும், கவலப்படாத” என்று ஆறுதல் சொன்னாள்.

அலுவலகத்தில் குழப்பமே இல்லை. காகிதத்தைப் படித்ததும் பச்சியப்பன் இருப்புப் பதிவேட்டைத் திறந்தார். ‘பெ.கு. எண் 17: கண் இரண்டு, காது இரண்டு, கால் நான்கு, வால் ஒன்று. முழுமையாக ஒப்படைக்கப்பட்டது.’ கீழே இன்னாசியின் கையெழுத்து. ஞானராஜின் கடிதத்தில், ஒரு குதிரைக்கு இருக்க வேண்டியது அறுபத்து நான்கு, இதனிடம் இருப்பது அறுபத்து மூன்று.

உதவி இயக்குநர் இன்னாசியை அழைத்தார். மின்விசிறிக்கு நேர் கீழே அமர்ந்திருந்தார்.

“முழுக் குதிரையாகக் கொடுத்தோம். இப்போது ஒன்று குறைகிறது. என்ன செய்தாய்?”

“நான் ஒண்ணும் செய்யலீங்க. பொறக்கும்போதே இல்லன்னு டாக்டர் சார் சொன்னாருங்க.”

“பிறக்கும்போதே இல்லை என்றால், நாங்கள் குறையுள்ள குதிரையை வாங்கினோம் என்று ஆகும். குறையுள்ள எதையும் இந்த அலுவலகம் வாங்குவதில்லை. அப்படி வாங்கியதாக ஒரு கோப்பிலும் இல்லை. ஆகவே அது உன்னிடம் வந்த பிறகுதான் தொலைந்திருக்கிறது.”

பக்கத்தில் நின்ற ஞானராஜ், “சார், ஒரு செல் விடாமல் உடம்பு முழுக்க...” என்று ஆரம்பித்தார்.

“டாக்டர், நீங்கள் விஞ்ஞானம் பேசுகிறீர்கள். நான் நிர்வாகம் பேசுகிறேன். விஞ்ஞானத்தில் ஒன்று இல்லாமல் போகலாம். நிர்வாகத்தில் இல்லாமல் போக முடியாது. யாராவது பொறுப்பேற்க வேண்டும்.”

பச்சியப்பன் பணிவாகச் சேர்த்துக்கொண்டார். “அறுபத்து மூணுங்கறது நாயன்மார் கணக்குங்க, சார். குதிரைக்கு எப்படிச் சரியாகும்?”

அரசுப் பொருள் காணாமல் போனால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்க வேண்டும் என்பது விதி. இன்னாசி போனான். எழுத்தராக இருந்த ஏட்டு புதுத்தாள் எடுத்தார்.

“காணாமப் போனது என்ன?”

“குருமாசங்க.”

“என்ன நிறம்?”

“தெரியாதுங்க.”

“எவ்வளவு பெரிசு?”

“கண்ணுக்குத் தெரியாத அளவுங்க.”

ஏட்டு பேனாவைக் கீழே வைத்தார். “கடைசியா யார் பார்த்தது?”

“யாருமே பார்த்ததில்லீங்க.”

ஏட்டு அனுபவசாலி. இதைவிடக் குறைந்த தகவலை வைத்து ஆள் பிடித்தவர். ‘அடையாளம் தெரியாத பொருள், அடையாளம் தெரியாத இடத்தில், அடையாளம் தெரியாத நபர்களால்’ என்று எழுதி முத்திரை குத்தினார். சந்தேகப்படும்படியாக யாராவது உண்டா என்று கேட்டார். இன்னாசி யோசித்துவிட்டு இல்லை என்றான். யாரையாவது சொல்லியே ஆக வேண்டும் என்றார். வேறு வழியில்லாமல் இன்னாசி பொலிகுதிரையைச் சொன்னான்.

இதற்குள் பச்சியப்பன் கையேடு ஒன்றைப் புரட்டிப் புதிய செய்தியைக் கண்டெடுத்திருந்தார். குதிரைக்கு அறுபத்து நான்கு. கழுதைக்கு அறுபத்திரண்டு. இரண்டுக்கும் பிறக்கும் கோவேறு கழுதைக்கு அறுபத்து மூன்று. அதுவும் குட்டி போடாது.

அடுத்த வாரம் சிட்டுவை அலுவலக வாசலில் நிறுத்தி விசாரணை நடந்தது.

“அறுபத்து மூன்று இருக்கிறது, குட்டி போடுவதில்லை. எனவே இது கோவேறு கழுதை,” என்றார் உதவி இயக்குநர். “குதிரையை வாங்கிக்கொண்டு கோவேறு கழுதையைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாய். ஆள்மாறாட்டம்.”

“சார், நல்லாப் பாருங்க. காதப் பாருங்க, வாலப் பாருங்க. குதிரைதானுங்களே?”

“காதைக் கண்ணால் பார்க்கிறேன். கண் ஏமாறும். எண் ஏமாறாது.”

அப்போது சிட்டு தலையைத் தூக்கிக் கனைத்தது. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கனைப்பில் கழுதையின் சாயலே இல்லை.

“குரல் ஆதாரம் ஆகாது,” என்றார் உதவி இயக்குநர். “அது பழகிக்கொண்டிருக்கலாம்.”

ஞானராஜ் கழுதையின் குரோமோசோமுக்கும் குதிரையின் குரோமோசோமுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கி நாலு பக்கக் கடிதம் கொடுத்தார். கடிதம் வரப்பெற்றது என்று அவருக்குப் பதில் வந்தது.

ஆணை தட்டச்சாகி வந்தது. திட்டம் பெட்டைக் குதிரைகளுக்கு மட்டுமே. ஆகவே மேற்படி விலங்கு திரும்பப் பெறப்பட்டு, இருபதாம் தேதி பொது ஏலத்தில் விடப்படும். இயற்கை நீதியின்படி பயனாளிக்கு ஒரு வாய்ப்பும் அளிக்கப்படுகிறது. குறைவுபடும் குரோமோசோம் ஒன்றை அதற்கு முன் ஒப்படைத்தால் ஏலம் கைவிடப்படும்.

அந்தச் சமயம் அதியமான்கோட்டை அருகே ஒரு சர்க்கஸ் கூடாரம் போட்டிருந்தார்கள். அவர்களிடம் இரண்டு சிங்கங்கள் இருந்தன. கிழட்டு மாடு, நொண்டிக் குதிரை எதுவானாலும் ஏலத்தில் எடுக்க அவர்களுடைய ஆள் வந்து நிற்பான் என்பது எல்லாருக்கும் தெரியும். இன்னாசி ஆணையை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். சிட்டுவின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தான். அது அவன் சட்டைப் பையில் வெல்லம் இருக்கிறதா என்று மூக்கால் தேடியது.

“மலை மேல ஓட்டிட்டுப் போயி விட்டுரலாமா, மேரி? சென்னம்மாக்கா கடப் பக்கம் யாரும் வர மாட்டாங்க.”

“திருட்டுப் பட்டமும் சேந்து வருங்க.” ராஜமேரி ஆணையை வாங்கினாள். ஐந்தாவதுவரை படித்தவள். எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் விரலை வைத்து நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் காலையில் ஞானராஜைத் தேடி மருத்துவமனைக்குப் போனாள்.

“சார், அது கண்ணுக்குத் தெரியாதுன்னீங்களே?”

“ஆமா. ஆயிரம் மடங்கு பெரிசாக் காட்டுற மைக்ராஸ்கோப் வேணும்.”

“அந்த ஆபீசுல அது இருக்குங்களா?”

“இருக்கு. போன வருசமே வந்தது. வைக்கோல் வெச்ச பெட்டியிலயே இருக்கு. அமைச்சர் வந்து திறந்து வைக்கணும்னு காத்துக்கிட்டிருக்காங்க. அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது.” சொல்லிவிட்டு அவளை உற்றுப் பார்த்தார். “ஏம்மா கேக்குறீங்க?”

“சும்மாத்தானுங்க. என்னைக்கும் பொய் சொல்லச் சொல்லி உங்களக் கேக்க மாட்டேன். அவங்க கேட்டா உள்ளதச் சொல்லுங்க.”

பத்தொன்பதாம் தேதி பதினொரு மணிக்கு ராஜமேரி கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தாள். பின்னால் இன்னாசி. அவனிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவன் முகம் காட்டிக்கொடுத்துவிடும். உதவி இயக்குநரின் மேசைமேல் ஒரு சின்னத் தைலப் புட்டியை வைத்தாள். நன்றாகக் கழுவித் துடைத்து, மூடியை இறுக்கி, மேலே வெள்ளைத்துணி சுற்றி நூலால் கட்டியிருந்தது.

“கேட்டதக் கொண்டாந்திருக்கேனுங்க.”

பச்சியப்பன் எழுந்து நின்றார்.

“இது... அதுவா?” என்றார் உதவி இயக்குநர்.

“நான் படிக்காதவங்க. இதுல இருக்குதா இல்லியான்னு ஐயாதான் பார்த்துச் சொல்லணும்.”

உதவி இயக்குநர் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். “ஏதோ வாசனை வருகிறது.”

“உயிர்ப்பொருளாச்சே, சார். வாசனை இருக்கத்தானே செய்யும்,” என்றார் பச்சியப்பன்.

ஞானராஜை வரவழைத்தார்கள். அவர் வந்து புட்டியைப் பார்த்தார், ராஜமேரியைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

“டாக்டர், இதற்குள் குரோமோசோம் இருக்கிறதா? தொழில்நுட்பக் கருத்து வேண்டும்.”

“வெறும் கண்ணால் பார்த்து எதுவும் சொல்ல முடியாது, சார். மைக்ராஸ்கோப்பில்தான் பார்க்கணும்.”

“மைக்ராஸ்கோப் திறக்கப்படவில்லை.”

“அப்படின்னா, இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது.”

உதவி இயக்குநர் பச்சியப்பனை உள்ளறைக்கு அழைத்துக்கொண்டு போனார். கதவு அரைக்கதவு என்பதால் பேச்சு வெளியே கேட்டது.

“இல்லை என்று எழுதினால் என்ன ஆகும்?”

“பார்க்காம எப்படி இல்லன்னு எழுதினீங்கன்னு மேலேருந்து கேப்பாங்க, சார். மைக்ராஸ்கோப் வாங்கி ஒரு வருசமா ஏன் பார்க்கலன்னு அடுத்த கேள்வி வரும்.”

“இருக்கிறது என்று எழுதினால்?”

“கோப்பு முடிஞ்சுரும். தொலைஞ்ச அரசுப் பொருள நம்ம அலுவலகம் கண்டுபிடிச்சதா இருக்கும். இந்த மாவட்டத்துல யாரும் இதுவரைக்கும் செஞ்சதில்ல.”

வெளியே வந்தபோது உதவி இயக்குநரின் முகம் மலர்ந்திருந்தது. ஊழியர்கள் எல்லாரையும் வரச் சொன்னார். கடைநிலை ஊழியர் மாயவன் எங்கிருந்தோ ஒரு மாலை கொண்டுவந்தார். அது யாருக்கு என்று தெரியாமல் சற்று நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, வழக்கப்படி உதவி இயக்குநருக்கே போட்டார்.

“அரசாங்கத்திடமிருந்து எதுவும் தப்ப முடியாது,” என்று அவர் பேசினார். “அது கண்ணுக்குத் தெரியாத பொருளாக இருந்தாலும் சரி. தெரிகிற பொருளை யார் வேண்டுமானாலும் கண்டுபிடிப்பார்கள். இந்த அலுவலகத்துக்குப் பொருளே தேவையில்லை! முறையான ஒப்புகைச் சீட்டு போதும்.” பிறகு ராஜமேரி பக்கம் திரும்பினார். “இனியாவது பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கே கிடைத்தது?”

“வூட்டுலதானுங்க.”

“வீட்டில் எந்த இடம்?”

“எந்த எடம்னு குறிப்பாச் சொல்ல முடியாதுங்க. எல்லா எடத்துலயும் இருந்த மாதிரிதான் இருந்துச்சு.”

பச்சியப்பன் அதையும் எழுதிக்கொண்டார்.

இன்னாசிக்கு அப்போதுதான் புதுக் கவலை பிடித்தது. “சார், அப்ப அறுபத்து நாலும் சரியாப் போச்சுன்னா, சிட்டு மறுபடியும் குட்டி போடணுங்களா?”

ராஜமேரி அவன் காலை மிதித்தாள். கேள்வி ஏற்கெனவே வெளியே வந்துவிட்டது.

உதவி இயக்குநர் பச்சியப்பனைப் பார்த்தார். பச்சியப்பன் தொண்டையைச் செருமினார். “மீட்ட பொருள விலங்குக்குள்ள திரும்பப் பொருத்தணும்னா சென்னையிலேருந்து அனுமதி வரணும். வர்ற வரைக்கும் பொருள் பீரோவுல இருக்கும், விலங்கு பயனாளிகிட்ட இருக்கும்.”

“எப்பங்க வரும்?”

“நாளைக்கே கடிதம் எழுதுறோம். பதில் எப்ப வரும்னு சொல்ல முடியாது. இந்த அலுவலகக் கட்டடத்துக்கு ஜன்னல் வைக்க அனுமதி கேட்டது திறப்பு விழா அன்னைக்கு, இன்னும் வரல.” அவர் காட்டிய பக்கம் எல்லாரும் பார்த்தார்கள். ஞானராஜ் சற்றுமுன் பார்த்துக்கொண்டிருந்தது ஜன்னல் போலச் சுவரில் மாட்டியிருந்த ஒரு காலண்டர்.

புட்டிக்கு அரக்கு வைத்து, பெ.கு. எண் 17-இன் பகுதி என்று சீட்டு ஒட்டிப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். ஏலம் ரத்தானது. சிட்டு மறுபடியும் பெட்டைக் குதிரை ஆயிற்று. அறுபத்து மூன்று உடம்பிலும் ஒன்று பீரோவிலுமாகக் கூட்டிப் பார்த்தால் அறுபத்து நான்கு சரியாக வந்தது.

திரும்பும் வழியில் ஊர் எல்லை வந்ததும் இன்னாசி சுற்றுமுற்றும் பார்த்தான். அப்புறம் கேட்டான். “மேரி, அந்தப் புட்டியில என்ன வெச்ச?”

“ஒண்ணும் வைக்கல.”

அவன் நடு ரோட்டில் நின்றுவிட்டான். “ஐயோ, தொறந்து பார்த்துட்டா?”

“பார்த்தா என்னங்க? ஒண்ணும் தெரியாது. அது கண்ணுக்குத் தெரியாதுன்னு அவங்களே எழுதி வெச்சிருக்காங்களே.”

இன்னாசிக்குச் சிரிப்பு வர நேரமாயிற்று. வந்தபோது நிற்கவில்லை. புளியமரத்தில் சாய்ந்துகொண்டு சிரித்தான். ராஜமேரி முதலில் அதட்டினாள். பிறகு அவளும் வாயைச் சேலைத்தலைப்பால் பொத்திக்கொண்டாள். எதிரே வந்த பஸ்ஸிலிருந்து குழந்தையும் கையுமாக இறங்கிய இரண்டு பெண்கள் வழக்கம்போலத் திரும்பி நிற்கப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டிருப்பவளைப் பார்த்து, என்னவென்று தெரியாமல் அவர்களும் சிரித்துவிட்டார்கள். ராஜமேரி குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டு நடந்தாள்.

அடுத்த மாதம் மாவட்டம் முழுவதும் சுற்றறிக்கை போயிற்று. ‘எண் 17 நிகழ்வைக் கருத்தில் கொண்டு, இனி இத்தகைய இழப்பு நேராதிருக்க, பயனாளிகள் அனைவரும் தத்தம் குதிரையின் குரோமோசோம் ஒன்றை முன்னெச்சரிக்கையாக அலுவலகத்தில் பாதுகாப்பில் வைக்க வேண்டும்.’

முப்பத்தொன்பது பேரும் பயந்துபோனார்கள். எங்கே போய்த் தேடுவது, எப்படிப் பிடிப்பது, குதிரைக்கு வலிக்குமா என்று ஒன்றும் தெரியவில்லை. ஏற்கெனவே ஒப்படைத்து ரசீது வாங்கிய ஒரே வீடு மலையடிவாரத்தில் இருக்கிறது என்று தெரிந்து, அங்கே வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர் இண்டூர் மாதையன். வயதானவர். கையில் ஒரு காலி ஊறுகாய்ப் பாட்டில் வைத்திருந்தார். அவருக்குப் பின்னால் தெருவில் இன்னும் பத்துப் பேர் புட்டியும் டப்பாவுமாக நின்றார்கள்.

“ஏம்மா, நீதான் விவரம் தெரிஞ்சவளாம். இதுக்குள்ள என்னத்தப் போடறது?”

ராஜமேரி அவர் பாட்டிலை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓரத்தில் ஒட்டியிருந்த மிளகாய் விதையை விரலால் துடைத்து எடுத்தாள்.

“நீங்க ஒண்ணும் போட வேணாங்க, பெரியவரே,” என்றாள். “மூடி மட்டும் இறுக்கமா இருக்கட்டும்.”